பறந்து முடித்த விமானங்களும் கேமராவும்

வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் விமான, விண்வெளி அருங்காட்சியகத்தில் சார்ல்ஸ் லிண்ட்பெர்க்கின் 'ஸ்பிரிட் ஆஃப் செயின்ட் லூயிஸ்' விமானத்தைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் அதன் மூக்கைத்தான் எடுக்கிறார்கள். விளக்கு பட்டதும் பொன்னிறமாக மின்னும் மூக்கு அது. ஆனால் 1927 மே 20, 21 தேதிகளில் லிண்ட்பெர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸ் வரை 33 மணி நேரத்துக்கும் மேலாகத் தன்னந்தனியாக ஓட்டிச் சென்றபோது அந்தப் பொன்னிறம் அங்கே இல்லை. அப்போது அது வெறும் அலுமினியத் தகடு. அடுத்து லத்தீன் அமெரிக்க நாடுகளைச் சுற்றி வந்தபோது ஒவ்வொரு நாட்டின் கொடியும் மூக்கில் வரையப்பட்டது. 1928இல் விமானம் ஸ்மித்சோனியனுக்கு வந்த பிறகு, தகட்டைக் காப்பதற்காக ஒரு தெளிவான பூச்சு கொடுத்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்தப் பூச்சு மஞ்சளாகிவிட்டது. இன்று நாம் பார்க்கும் பொன்னிறம் லிண்ட்பெர்க்குக்குச் சொந்தமானது அல்ல, அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது.

வரலாற்று விமானங்களைப் படம் எடுப்பது பற்றிய எல்லாக் கேள்விகளும் இந்த மூக்கில் வந்து நிற்கின்றன. கேமரா எதைப் பதிவு செய்ய வேண்டும்? பாரிஸில் இறங்கிய விமானத்தையா, ஏறக்குறைய நூறாண்டு அருங்காட்சியகத்தில் வாழ்ந்த விமானத்தையா? பொன்னிறத்தைக் கணினியில் இன்னும் கொஞ்சம் கூட்டி அழகாக்கலாமா, வெள்ளியாகத் திருத்தி 'உண்மை'யாக்கலாமா? என் கருத்து இதுதான்: இரண்டும் தவறு. அருங்காட்சியகத்தில் எடுக்கும் படம் இன்றைய நாளின் சாட்சியம். விமானம் இன்று எப்படி நிற்கிறதோ, எந்தத் தழும்போடும் எந்த ஒட்டோடும் எந்தத் தவறான பூச்சோடும் நிற்கிறதோ, அதை அப்படியே நேர்மையாகக் காட்டுவதே அதன் முதல் வேலை. ஒளி, லென்ஸ், கோணம் பற்றிய நுட்பங்கள் அனைத்தும் அந்த வேலைக்குத் துணை நிற்பவை.

ரைட் சகோதரர்களின் 1903ஆம் ஆண்டு விமானத்தை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் 17 காலை கிட்டி ஹாக் அருகே அது நான்கு முறை பறந்தது. நான்காவது முறை இறங்கிய சிறிது நேரத்தில் பலத்த காற்று புரட்டிப் போட்டதில் உடைந்தது. அதன் பிறகு அது பறக்கவே இல்லை. 1913இல் டேட்டன் நகரை மூழ்கடித்த வெள்ளத்தில் பெட்டிகளுக்குள் சேற்று நீரில் கிடந்தது. 1927இல் ஓர்வில் ரைட் அதற்குப் புதுத் துணி போர்த்தினார். 1928இல் லண்டன் சயின்ஸ் மியூசியத்துக்குப் போய், 1948இல்தான் அமெரிக்கா திரும்பியது. 1985இல் ஸ்மித்சோனியன் மறுபடியும் புதுத் துணி மாற்றியது. ஆகவே இன்று அந்த இறக்கையை மிக அருகில் போய் எடுத்து, 'உலகின் முதல் விமானத்தின் துணி' என்று எழுதினால் அது பிழை. துணியின் நெசவைவிட அதற்கு உள்ளே இருக்கும் மரச்சட்டமும் கம்பிகளும்தான் கிட்டி ஹாக் மணல்மேட்டைப் பார்த்தவை.

அந்த முதல் பறப்பைக் காட்டும் புகழ்பெற்ற படத்துக்கும் இதே கதைதான். கேமராவை முக்காலியில் பொருத்தி, விமானம் எழும்பும் இடத்தைக் கணித்துக் குறி வைத்தவர் ஓர்வில். கடற்கரை மீட்புப் பணியாளரான ஜான் டேனியல்ஸ் ஷட்டரின் ரப்பர்க் குமிழை அழுத்தினார். அந்தப் பறப்பு 12 வினாடி, 120 அடி. படம் பதிந்த கண்ணாடித் தகடும் டேட்டன் வெள்ளத்தில் நனைந்தது. ஓரத்தில் சேதம் ஏற்பட்டாலும் விமானம் தெரியும் பகுதி பிழைத்தது. விமானமும் அதன் படமும் ஒரே வெள்ளத்திலிருந்து தப்பியவை. பின்னாளில் யார் முதலில் பறந்தார்கள் என்ற வாதங்கள் எழுந்தபோதெல்லாம் அந்தத் தகடு பேசியது. நல்ல படம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டும் உதாரணம் இதுதான்.

இனி ஒளிக்கு வருவோம். அருங்காட்சியகத்தில் கேமரா பிடிப்பவர்கள் முதலில் புலம்புவது இருட்டைப் பற்றித்தான். ஒஹாயோ மாநிலம் டேட்டனில் இருக்கும் அமெரிக்க விமானப்படையின் தேசிய அருங்காட்சியகம் இந்த விஷயத்தில் பெயர் போனது: கறுத்த கூரை, ஆங்காங்கே குறி வைத்துப் பாய்ச்சிய விளக்குகள். இந்த இருட்டு அலட்சியத்தால் வந்தது அல்ல. பழைய விமானத்தில் துணி இருக்கிறது, ரப்பர் இருக்கிறது, தோல் இருக்கை, காகித ஒட்டு, பழைய பெயின்ட் எல்லாம் இருக்கிறது. வெளிச்சம் இவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். துணி, காகிதம் போன்றவற்றுக்கு 50 லக்ஸ் அளவுதான் பாதுகாப்பானது என்பது அருங்காட்சியகத் துறையில் நீண்ட காலமாகப் பின்பற்றும் நெறி. உச்சி வெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் அளவுக்கு வெளிச்சம் இருக்கும் என்றால், 50 லக்ஸ் அதில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. கேமராக்காரர் மொழியில் சொன்னால் ஏறக்குறைய 11 ஸ்டாப் குறைவு, அதாவது 11 முறை பாதியாக்கிய ஒளி.

அந்த 50 லக்ஸில் எஃப் 4 திறப்பில், ஐஎஸ்ஓ 100 வைத்தால் ஷட்டர் முக்கால் வினாடிக்கும் மேல் திறந்திருக்க வேண்டும். கையில் பிடித்து அது நடக்காது. ஐஎஸ்ஓவை 1600க்கு ஏற்றினால் 20இல் ஒரு வினாடி. இது நடக்கும். வைட் லென்ஸும் அசைவைத் தணிக்கும் வசதியும் இருந்தால், தூணிலோ கைப்பிடிச் சுவரிலோ முழங்கையை ஊன்றி மூச்சை அடக்கி நாலைந்து முறை எடுத்தால் ஒன்றாவது கூர்மையாக வரும். இங்கே நமக்குச் சாதகமான ஒன்று உண்டு: விமானம் அசைவதில்லை. விமானக் கண்காட்சியில் சீறிப் பாயும் போர் விமானத்துக்கு ஆயிரத்தில் ஒரு வினாடி தேவைப்படும். இங்கே அந்தக் கவலை இல்லை. ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளிபுள்ளியாக மணல் படியும் என்று அஞ்சுகிறார்கள். இப்போதைய கேமராக்களில் 1600, 3200 எல்லாம் பெரிய குறை இல்லை. மணல் படிந்த கூர்மையான படத்தில் எண்ணை வாசிக்கலாம். வழவழப்பான ஆனால் அசைந்த படத்தில் எதையும் வாசிக்க முடியாது.

ஃபிளாஷ் வேண்டாம். தடை இருப்பதால் மட்டும் அல்ல, அதனால் பயனே இல்லை. வெளிச்சம் தொலைவின் இருமடிப்படி குறையும். விமானத்தின் மூக்கு 3 மீட்டரிலும் வால் 12 மீட்டரிலும் இருந்தால், மூக்குக்குக் கிடைக்கும் ஒளியில் 16இல் ஒரு பங்குதான் வாலுக்குப் போய்ச் சேரும். மூக்கு வெளுத்துப் போகும், வால் இருளில் கரையும், பளபளப்பான பெயின்டில் வெள்ளைத் திட்டு விழும்.

இருட்டைவிட எனக்குப் பெரிய எதிரியாகத் தெரிவது கலப்பு ஒளி. மேலே கண்ணாடிக் கூரை வழியே நீலச்சாயலோடு பகலொளி இறங்கும். பக்கத்தில் எல்இடி. கீழே மஞ்சள் குறிவிளக்கு. ஒரே விமானத்தின் முதுகு நீலமாகவும் வயிறு ஆரஞ்சாகவும் விழும். தானியங்கி ஒயிட் பேலன்ஸ் இதில் நடுவாக ஒன்றைத் தேர்ந்தெடுத்து இரண்டையும் கெடுக்கும். ரா கோப்பாக எடுப்பதும், முதல் படத்தில் ஒரு சாம்பல் அட்டையை வைத்து எடுப்பதும் இதற்குத் தீர்வு. எல்இடி விளக்கின் கீழ் கேமராவின் ஓசையில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் பயன்படுத்தினால் படத்தில் வரிவரியாகக் கோடு விழக்கூடும். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறிவிடுவது நல்லது.

நிறத்தில் ஏன் இவ்வளவு கறார் என்று கேட்கலாம். விமானத்தில் நிறம் அலங்காரம் அல்ல, தகவல். இரண்டாம் உலகப்போரில் தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்திலிருந்து சிவப்பை எடுத்துவிட்டார்கள். ஜப்பானியரின் சிவப்பு வட்டம் என்று நினைத்துத் தம் ஆட்களே சுட்டுவிடக் கூடாது என்பதுதான் காரணம். இந்திய விமானப்படைக்கும் அப்போது அதே சின்னம்தான். வெளிர்நீலமா வெள்ளையா, கருநீலமா கறுப்பா என்பது அங்கே போர்முனையையும் ஆண்டையும் சொல்லும். மஞ்சள் விளக்கில் எடுத்துத் திருத்தாமல் விட்ட படம் அந்தத் தகவலை அழித்துவிடுகிறது.

கறுப்பு விமானங்களுக்குத் தனிப் பாடம் தேவை. வர்ஜீனியாவில் டல்லஸ் விமான நிலையத்துக்கு அருகே 2003இல் திறந்த ஸ்மித்சோனியனின் உட்வார் ஹேஸி மையத்தில், நுழைந்ததும் எதிரே நிற்பது எஸ்.ஆர். 71 பிளாக்பேர்ட். 1990 மார்ச் 6 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து வாஷிங்டன் வரை 1 மணி 4 நிமிடம் 20 வினாடியில் பறந்து வந்து, அப்படியே அருங்காட்சியகத்திடம் ஒப்படைக்கப்பட்ட விமானம். கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுச்சாம்பல் என்றே எண்ணும். இந்தக் கறுப்புப் பரப்பைப் பார்த்ததும் இருட்டு என்று நினைத்து ஒளியைக் கூட்டிவிடும். விமானம் சாம்பல் பூத்துப்போகும். ஒரு ஸ்டாப் குறைத்து எடுத்தால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், தகடுகளின் பொருத்துக் கோடுகளும் தெரியும். மெருகேற்றிய அலுமினிய விமானத்தில் சிக்கல் வேறு விதம்: மொத்த மண்டபமும் அதன் உடலில் பிரதிபலிக்கும். போலரைசர் வடிகட்டி பெயின்டிலும் கண்ணாடியிலும் உள்ள பளபளப்பைக் குறைக்கும், வெறும் உலோகத்தில் அது பலிக்காது. நாம்தான் இடம் மாற வேண்டும். அரை அடி நகர்ந்தாலே விளக்கின் பிம்பம் எண்ணின் மேலிருந்து விலகிவிடும்.

அந்த மெருகேற்றிய அலுமினியம் என்றதும் அதே உட்வார் ஹேஸி மையத்தில் நிற்கும் எனோலா கே நினைவுக்கு வருகிறது. 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமா மீது அணுகுண்டை வீசிய பி. 29. பல ஆண்டுகள் பிரிந்து கிடந்த பாகங்களைச் சுத்தம் செய்து பொருத்த ஏறக்குறைய மூன்று லட்சம் மணி நேர உழைப்பு ஆனது. 1995இல் அதன் முன்பகுதியை மட்டும் வைத்து நடத்தவிருந்த கண்காட்சி, குண்டு விழுந்த மக்களின் துயரத்தையும் காட்டப் போவதாக இருந்தது. முன்னாள் படைவீரர் அமைப்புகளின் எதிர்ப்பில் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது; இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் பதவி விலகினார். இன்று முழு விமானமும் கண்ணைப் பறிக்கும் பளபளப்போடு நிற்கிறது. அதைப் படம் எடுப்பவர்கள் பெரும்பாலும் மேல்நடையில் ஏறி நின்று, வெள்ளி உடலில் விளக்குகள் ஓடும் அழகை எடுக்கிறார்கள். எனக்கு அந்த அழகு மட்டும் போதவில்லை. அதன் அருகே ஷிடென் காய், கெக்கோ போன்ற ஜப்பானிய விமானங்களும் நிற்கின்றன. சட்டகத்தைக் கெடுக்கும் இடையூறு என்று பலர் அவற்றை வெட்டிவிடுகிறார்கள். ஒரு மூலையிலாவது அவை இருக்கட்டும். ஒரு போரின் இரு பக்கங்களும் ஒரே கூரைக்கடியில் நிற்கின்றன என்பதைச் சொல்லாமல் எனோலா கேயைப் பளபளப்பாக மட்டும் காட்டுவது, அந்த விமானம் செய்ததை மறைப்பதாகும்.

இதற்கு நேர் எதிர்முனையில் லண்டன் ஹெண்டனில் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தின் ஹாலிஃபேக்ஸ் குண்டுவீச்சு விமானம் இருக்கிறது. 1942 ஏப்ரலில் ஜெர்மனியின் டிர்பிட்ஸ் போர்க்கப்பலைத் தாக்கப் போய், அடிபட்டு நார்வேயின் உறைந்த ஹோக்லிங்கன் ஏரியில் இறங்கி மூழ்கிய விமானம். 1973இல் ஏரிக்கடியிலிருந்து எடுத்தார்கள். அதைப் புதுப்பிக்காமல், நீருக்கடியிலிருந்து வந்த நிலையிலேயே காட்சிக்கு வைத்தார்கள். நைந்த தகடு, துருவேறிய எஞ்சின். இதே அருங்காட்சியகத்தின் லங்காஸ்டர் ஆர் 5868 நூற்றுக்கும் மேற்பட்ட தாக்குதல்களுக்குப் போய் வந்து இன்று நேர்த்தியாக நிற்கிறது. இரண்டையும் எடுத்துப் பார்த்தால், நேர்த்தியான விமானத்தின் படம் அஞ்சல் அட்டை மாதிரி வந்துவிடுகிறது. ஹாலிஃபேக்ஸின் ஒரு நசுங்கிய தகட்டின் படம் அந்த இரவையே சொல்கிறது. விமானத்தை முழுமையாகக் காட்டத்தான் வேண்டும் என்ற பிடிவாதத்தை ஹாலிஃபேக்ஸ் தகர்த்துவிடும்.

முழுமை என்பதே இங்கே பெரும் சிக்கல். ஒரு சின்னக் கணக்கு: முழுச்சட்டகக் கேமராவில் பொருளின் அகலத்தை லென்ஸின் குவியத்தூரத்தால் பெருக்கி 36ஆல் வகுத்தால், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பது கிடைத்துவிடும். ஸ்பிட்ஃபயரின் இறக்கை அகலம் ஏறக்குறைய 11 மீட்டர். 50 மி.மீ. லென்ஸுக்கு 15 மீட்டருக்குச் சற்று மேல் தள்ளி நின்றால் போதும். பி. 29இன் இறக்கை 43 மீட்டர். அதே லென்ஸுக்கு 60 மீட்டர் வேண்டும். எந்த மண்டபத்தில் அப்படி இடம் இருக்கிறது? 24 மி.மீ. போட்டாலும் 28 மீட்டருக்கு மேல் வேண்டும். இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1997இல் திறந்த அமெரிக்க விமான மண்டபமே பி. 52இன் 56 மீட்டர் இறக்கையை உள்ளடக்குவதற்காக வளைத்துக் கட்டியதுதான். கட்டடமே விமானத்தை மட்டும்தான் கொள்கிறது; படம் எடுப்பவர் பின்வாங்க இடம் விடவில்லை.

ஆகவே எல்லோரும் மிக அகலமான லென்ஸுக்குப் போகிறார்கள். கைபேசியிலும் அந்த 'அல்ட்ரா வைட்' வந்துவிட்டது. அதன் விளைவு என்ன? அருகில் உள்ள எஞ்சின் பூதாகரமாக வீங்குகிறது, வால் சுருங்கி எங்கோ போகிறது. ஸ்பிட்ஃபயரின் நீள்வட்ட இறக்கை, அந்த விமானத்தின் அடையாளமே, ஏதோ ஒரு துடுப்பு மாதிரி நீண்டுவிடுகிறது. விமானத்தின் உருவத்தில் அதன் பொறியியல் இருக்கிறது. விகிதத்தைக் கெடுத்தால் அதை வடிவமைத்தவரின் யோசனையைக் கெடுத்ததாகும். முடிந்த மட்டும் பின்னால் போங்கள். மேல்நடை இருந்தால் ஏறுங்கள். அதுவும் போதாவிட்டால் முழு விமானம் என்ற ஆசையை விட்டு, 50 அல்லது 85 மி.மீ. லென்ஸில் பகுதி பகுதியாக எடுங்கள். பல படங்களை ஒட்டிப் பெரிய படம் செய்வது நல்ல வழிதான், ஆனால் கேமரா ஒரே புள்ளியில் சுழல வேண்டும். இல்லாவிட்டால் முன்னால் உள்ள தடுப்புக் கம்பிகள் உடைந்து உடைந்து தெரியும்.

தொங்கும் விமானங்கள் வேறு வகை. கூரைக் குழாய்களும் கம்பிகளும் விளக்குகளும் பின்னணியில் பின்னிக்கொள்ளும். இங்கிலாந்தின் காஸ்ஃபோர்டில் பனிப்போர்க் கண்காட்சியில் லைட்னிங் போர் விமானத்தைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறார்கள். ஏறும் வேகத்துக்குப் பெயர் பெற்ற விமானத்துக்கு அது பொருத்தமான நிலை. அங்கே கேமராவையும் நெட்டுக்குத் திருப்பிவிட வேண்டியதுதான்.

காக்பிட் பற்றி நிறையச் சொல்லலாம். பெரும்பாலான இடங்களில் பார்வையாளரை உள்ளே விடுவதில்லை. பக்கவாட்டில் ஒரு படிக்கட்டு, கீறல் விழுந்த அக்ரிலிக் மூடி, அதற்கு அப்பால் இருட்டு. லென்ஸின் முகப்பில் ஒரு ரப்பர் வளையம் மாட்டி மூடியோடு ஒட்டினாற்போல் வைத்தால் பிரதிபலிப்பு மறையும் (மூடியைத் தொட அனுமதி உண்டா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும்). ஸ்மித்சோனியனின் எரிக் லாங், மார்க் அவினோ இருவரும் அங்குள்ள விமானங்களின் காக்பிட்களை எடுத்த படங்கள் 2001இல் தனி நூலாகவே வந்தன. உள்ளேயே அமர்ந்து, நிதானமாக விளக்கு அமைத்து எடுத்தவை. ஒவ்வொரு விசையின் மேலுள்ள எழுத்தும் அவற்றில் வாசிக்கக் கிடைக்கிறது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் தேய்ந்துபோன ஒரு கைப்பிடி, விமானியின் பூட்ஸ் உரசிய மிதி, கையால் எழுதி ஒட்டிய ஒரு சீட்டு, இவை மூடிக்கு வெளியே நின்றும் கிடைக்கும்.

இப்படிப்பட்ட சிறு தடயங்கள் எவ்வளவு பேசும் என்பதற்கு மெம்ஃபிஸ் பெல் சாட்சி. 25 தாக்குதல்களை முடித்துத் திரும்பிய அந்த பி. 17, 1943இல் அமெரிக்க ஊர்களுக்குக் காட்சிக்குப் போனது. மக்கள் அதன் உடலில் தங்கள் பெயர்களைக் கீறி வைத்தார்கள். பிறகு பூசிய பெயின்ட் அவற்றை மூடிவிட்டது. டேட்டனில் புதுப்பித்தபோது பெயின்டைச் சுரண்ட, அந்தப் பெயர்கள் வெளிவந்தன. 2018 மே 17 அன்று காட்சிக்கு வைத்தபோது மறுபடியும் அன்றைய நிறத்தில் இருந்தது. போர்க்காலத்தில் திரைப்பட இயக்குநர் வில்லியம் வைலரின் குழு எடுத்த கலர் ஃபிலிம் அந்தப் பணிக்கு உதவியது. விண்வெளியிலிருந்து ஒரு உதாரணமும் உண்டு: அப்போலோ 11இன் கொலம்பியா கலத்தை 2016இல் முப்பரிமாணமாகப் பதிவு செய்தபோது, விண்வெளி வீரர்கள் உட்சுவரில் கையால் எழுதிய குறிப்புகளும் ஒரு நாள்காட்டியும் கிடைத்தன. பல பத்தாண்டுகளாக அருங்காட்சியகத்தில் இருந்த பொருள். கேமரா நுழைந்த பிறகுதான் அவை வெளியுலகுக்குத் தெரிந்தன.

திருத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஒரே இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால் நடந்து போகும் மனிதர்கள் மறைந்துவிடுவார்கள். இதில் எனக்கு மறுப்பு இல்லை. அந்த வெற்றிடம் ஒரு கணமேனும் அங்கே இருக்கத்தான் செய்யும். ஆனால் இப்போது செயற்கை நுண்ணறிவு ஒரு தட்டலில் தடுப்புக் கயிற்றை எடுக்கிறது, தகவல் பலகையை எடுக்கிறது, சக்கரத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்த தாங்கியை எடுக்கிறது, கூரைக்குப் பதில் மேகத்தை வைக்கிறது. எடுத்த இடத்தை நிரப்ப அது தானாக ரிவெட்டுகளை வரைகிறது. இல்லாத ரிவெட். இருந்திராத பொருத்துக் கோடு. பத்து வருடம் கழித்து அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மாடல் செய்பவரோ புதுப்பிப்பவரோ வேலை செய்தால் பொய் இரும்பில் ஏறிவிடும். ஓவியமாகச் செய்தால் ஓவியம் என்று எழுதுங்கள்.

நம் நாட்டு நிலைமை வேறு. இங்கே சிக்கல் இருட்டு அல்ல, வெயில். டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகம் 1967இல் தொடங்கியது. அதன் கொட்டகைக்குள் வாபிட்டி, லைசாண்டர், ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. ஜப்பானியரின் தற்கொலைத் தாக்குதல் விமானமான ஓகா கூட இருக்கிறது. பெரியவை வெளியே வெயிலில். பெங்களூரு எச்ஏஎல் பாரம்பரிய மையம் (2001), கோவாவின் கடற்படை விமான அருங்காட்சியகம் (1998), சண்டிகரின் விமானப்படைப் பாரம்பரிய மையம் (2023) என்று பட்டியல் நீள்கிறது. கோவாவில் வெட்டவெளியில் நிற்கும் சூப்பர் கான்ஸ்டலேஷன் ஒரு காலத்தில் 'ராணி ஆஃப் எல்லோரா' என்ற பெயரில் ஏர் இந்தியா பயணிகளை ஏற்றிச் சென்றது. பிறகு விமானப்படைக்கும் கடற்படைக்கும் உழைத்தது. இன்று அதற்கு மேல் கடற்காற்றும் பருவமழையும். விசாகப்பட்டினம் கடற்கரைச் சாலையில் 2017 டிசம்பரில் காட்சிக்குத் திறந்த டி.யு. 142 நமக்கு இன்னும் நெருங்கியது. அந்தப் பிரமாண்டமான கடல்ரோந்து விமானங்களின் கடைசி வீடு நம் அரக்கோணத்தின் கடற்படை விமானத் தளமான ஐஎன்எஸ் ராஜாளி. 2017 மார்ச் 29 அன்று அங்கேதான் அவற்றுக்கு விடைகொடுத்தார்கள். 50 மீட்டர் இறக்கையும் 53 மீட்டர் நீளமும் கொண்ட அந்த விமானம் இப்போது அலைக்கு எதிரே நிற்கிறது.

வெட்டவெளியில் நிற்கும் விமானம் ஒவ்வொரு ஆண்டும் வேறு விமானம். பெயின்ட் வெளுக்கும், அக்ரிலிக் மங்கும், டயர் வெடிக்கும். பிறகு யாராவது பெரியவர் வருகைக்காகப் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். சிறிய எச்சரிக்கை எழுத்துகள் அதில் மூழ்கிப்போகும், வால் எண் மாறிக்கூடப் போகும். அந்த நிலையில் முன்பு யாரோ எடுத்து வைத்த படம் மட்டுமே ஆதாரம். அதிகாலையிலோ அந்தியிலோ போங்கள். உச்சி வெயில் இறக்கைக்குக் கீழே எல்லாவற்றையும் கறுப்பாக்கிவிடும். சாய்ந்த வெளிச்சத்தில்தான் பழைய பெயின்டுக்கு அடியில் புடைத்திருக்கும் முந்தைய எண்ணின் விளிம்பு தெரியும்.

இந்திய விமானங்களின் கதை இந்தியாவோடு முடிவதும் இல்லை. இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் கான்பூரில் கைவிட்டுப் போன பி. 24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை எச்ஏஎல் சீராக்கிக் கொடுத்தது. 1968 வரை இந்திய விமானப்படை அவற்றை ஓட்டியது. உலக அருங்காட்சியகங்களில் இன்று நிற்கும் லிபரேட்டர்களில் பல அங்கிருந்து போனவை: பிரிட்டனின் ராயல் ஏர் ஃபோர்ஸ் அருங்காட்சியகத்தில் ஒன்று, அமெரிக்காவில் அரிசோனாவின் பிமாவில் ஒன்று. ஜெர்மன் பொறியாளர் குர்ட் டாங்க் வடிவமைத்து 1961இல் முதலில் பறந்த நம் மாருத் போர் விமானம், ஜெர்மனியில் மியூனிக் அருகே ஷ்லைஸ்ஹைமில் நிற்கிறது. 1965 போரில் பஸ்ரூரில் இறங்கிப் பிடிபட்ட நம் நாட் போர் விமானம் கராச்சியில் இருக்கிறது. அயல்நாடு போகும் தமிழர்கள் இவற்றைத் தேடிப் போய் எடுக்கலாம். மாருத்தின் இரு நாட்டுப் பிரதிகளையும் ஒரே கோணத்தில் எடுத்து ஒப்பிட்டாலே ஒரு நல்ல ஆய்வு ஆகும்.

தடைகளுக்கும் வரலாறு உண்டு. 1937ஆம் ஆண்டின் விமான விதிகளில் 13ஆவது விதி அரசு விமான நிலையங்களில் அனுமதியின்றிப் படம் எடுப்பதைத் தடுக்கிறது. போர் அச்சம் சூழ்ந்த காலத்தின் விதி அது. அதன் நிழல் இன்றும் கேமராவைக் கண்டதும் காவலர் முகத்தில் விழுகிறது. இயங்கும் படைத்தளத்துக்கு அது நியாயமே. ஓய்வு பெற்று மக்கள் பார்வைக்கென வைத்த விமானத்துக்கு அந்த அச்சம் தேவையில்லை. டிரைபாட் தடையை நான் ஏற்கிறேன்; கூட்டத்தில் யாராவது தடுக்கி விழுவார்கள். ஆனால் மாதத்தில் ஒரு காலைப்பொழுதை, திறப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை, பெயர் பதிவு செய்த படக்காரர்களுக்கும் மாணவர்களுக்கும் டிரைபாடோடு ஒதுக்கலாம். எடுத்த படங்களில் ஒரு பிரதி அருங்காட்சியகத்துக்கு என்று நிபந்தனை வைக்கலாம். செலவில்லாமல் ஆவணக் காப்பகம் வளரும்.

அப்துல் கலாம் சென்னை எம்ஐடியில் படித்தபோது, பாடம் சொல்லிக் கொடுப்பதற்காக அங்கே நிறுத்தியிருந்த, பறப்பதை நிறுத்திவிட்ட இரண்டு விமானங்கள்தான் தன்னை மிகவும் ஈர்த்தன என்று தன்வரலாற்று நூலில் எழுதியிருக்கிறார். நிற்கும் விமானம் ஒரு மாணவனுக்கு என்ன செய்யும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. அந்த ஈர்ப்பு நேரில் போக முடியாத பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டும் என்றால் நல்ல படம் வேண்டும். விகிதம் கெடாத, நிறம் கெடாத, எண் வாசிக்கக் கிடைக்கிற படம்.

இப்போது அதற்கு அவசரமும் வந்திருக்கிறது. 1963இல் வந்த மிக் 21, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் விடைபெற்றது. ஓய்வு பெற்ற விமானங்கள் கல்லூரி வாசலுக்கும் சாலைச் சந்திப்புக்கும் பூங்காவுக்கும் போவது நம் நாட்டு வழக்கம். உங்கள் ஊரில் ஒன்று நின்றால் போய் எடுங்கள். இரு பக்கமும், முன்னும் பின்னும், கண்மட்டத்தில் நான்கு படங்கள். பிறகு வால் எண், உற்பத்தித் தகடு, சக்கரக்கூடு, காக்பிட், தகவல் பலகை. தேதியையும் இடத்தையும் எழுதி வையுங்கள். கைபேசியே போதும். அடுத்த பெயின்ட் அடிப்பதற்குள் போய்விடுங்கள்.